கண்ணாடி மின்சாரமும் பிசின் மின்சாரமும்

வடநாட்டுக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றும்போது படபடவென்று ஒலி எழுவதும், விளக்கணைந்த அறையாயின் சிறு பொறிகள் தோன்றுவதும் நம்மிற் பலர் இங்கு வந்த பின்னரே கண்ட புதுமைகள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், உராய்வால் உண்டாகும் மின்னேற்றம் விரைவில் கசிந்து போய்விடும். வறண்ட காற்றிலோ அது தங்கி நிற்கும். ஆனால் சட்டையில் தங்கியது எவ்வகை மின்னேற்றம் என்று குழந்தைகள் கேட்டால் நாம் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். அக்கேள்விக்குப் பொருள் உண்டு என்பதே 1733-ஆம் ஆண்டில்தான் உலகுக்குப் புலப்பட்டது.

தேய்த்த அம்பர் துரும்பை ஈர்க்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிவர். கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலியவற்றுக்கும் அக்குணம் உண்டென்று 1600-இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் எழுதினார். எனினும் மின்சாரம் இருவகைப்படும் என்ற கருத்து அப்போது எழவில்லை.

பாரிஸ் நகரில் அரச தோட்டத்தின் தலைவராயிருந்த தூஃபே என்பவர், தேய்த்த கண்ணாடிக் குழாயின்மீது மெல்லிய தங்க ரேக்கு ஒன்றை விழவிட்டார். ரேக்கு குழாயை நாடி வந்தது, தொட்டது, உடனே துள்ளி விலகி அந்தரத்தில் மிதந்தது. குழாய் தன் மின்சாரத்தில் ஒரு பங்கை ரேக்குக்கு அளித்தபின் அதை விலக்குகிறது என்று அவர் கொண்டார். அங்ஙனமாயின், மின்னேறிய வேறெந்தப் பொருளும் அதை விலக்கவேண்டும் அன்றோ? கோப்பல் என்னும் மரப்பிசினைத் தேய்த்து அருகே நீட்டினார். ரேக்கு விலகவில்லை, பாய்ந்து வந்து பிசினில் ஒட்டிக்கொண்டது! தாம் பெரிதும் திகைத்துப் போனதாக அவரே எழுதியுள்ளார். திகைப்பை மறைக்காது எழுதியதற்காகவே அவரை நமக்குப் பிடிக்கிறது. மின்சாரம் இருவகை, ஒன்று கண்ணாடியினது, மற்றது பிசினது. தன் இனத்தை விலக்கும், மாற்றினத்தை ஈர்க்கும் என்பது அவர் கண்ட முடிவு. 1739-இல் பெரியம்மையால் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதே.

ஒரு பொருளின் மின்னேற்றம் எவ்வகையது என்று காணும் முறை இவ்வாறு பிறந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஈர்ப்பை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. மின்னேறாத பொருளும் ஈர்க்கப்படும். விலக்கலே ஐயமற்ற சான்று. ஆபிரகாம் பென்னட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1787-இல் வெளியிட்ட தங்க இலை மின்காட்டியிலும் இதே நியாயந்தான். வகை தெரிந்த மின்னேற்றத்தால் இலைகளை விரியச் செய்து, ஐயத்துக்குரிய பொருளை அருகே கொணர்கிறோம். இலைகள் மேலும் விரிந்தால் அது அதே வகை. குவிந்தால், மாற்று வகையாகவும் இருக்கலாம், மின்னேற்றமே இல்லாததாகவும் இருக்கலாம்.

தூஃபேயின் பெயர்கள் நெடுநாள் நிற்கவில்லை. சொரசொரப்பாக அராவிய கண்ணாடியைக் கம்பளித் துணியால் தேய்த்தால் 'பிசின் மின்சாரம்' தோன்றுவதை ஜான் கான்டன் 1754-இல் வெளியிட்டார். மின்னேற்றத்தின் வகை பொருளை மட்டும் பொறுத்ததன்று. அதன் பரப்பையும், தேய்க்கும் துணியையும் பொறுத்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது நன்கு விளங்கும்: பொருளின் பெயரைக் குணத்துக்குச் சூட்டினால் என்றாவது ஒருநாள் இடறும்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1747-இல் வழங்கிய கூட்டல், கழித்தல் என்ற பெயர்களே நின்றன. தமிழில் நேர்மின், எதிர்மின் என்கிறோம். பட்டால் தேய்த்த கண்ணாடியில் மின்சாரம் மிகுகிறது என அவர் ஊகித்தார். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானை அறிந்த பின்னர்தான் உண்மை தெளிந்தது: கண்ணாடி பெறவில்லை, எலெக்ட்ரான்களைப் பட்டுக்கு இழக்கிறது. ஆயினும் எவரும் குறியை மாற்றவில்லை. பள்ளிப் பாடநூல்களில் மின்னோட்டத்தின் அம்பு இன்றும் நேர்முனையிலிருந்து எதிர்முனை நோக்கியே வரையப்படுகிறது. கம்பியினுள் எலெக்ட்ரான்கள் அதற்கு எதிராகவே செல்கின்றன.