ஜாடையைக் காணும் கண்: பார்த்து உருவப்படம் வரையக் கற்றலில் அறிவும் பார்வையும்

ஆய்வுச் சுருக்கம்

உருவப்படம் வரையக் கற்பவரிடம் ‘தெரிந்ததை மறந்துவிட்டுக் கண்ணில் படுவதை மட்டும் வரை’ என்று சொல்வது நெடுநாள் வழக்கம். இந்த அறிவுரை பாதி உண்மை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. கோடுகளை இடும்போது முகத்தை முகமென்று அறியாத அயலார் கண் வேண்டும். இட்ட கோடுகளைச் சரிபார்க்கும்போது முகத்தை நன்கறிந்த உறவினர் கண் வேண்டும். கூர்ந்து பார்த்தல் என்னும் திறன் இவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறிச் சென்றுவரும் பழக்கமே. காட்சி உளவியல் ஆய்வுகள், ஐரோப்பியக் கலைப்பயிற்சி வரலாறு, சிற்ப நூல்களின் தாள முறை ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உருவப்படம், ஜாடை, காட்சி உளவியல், தாளமானம், ஓவியப் பயிற்சி

1. முன்னுரை

தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்ததும் “அப்படியே தாத்தா ஜாடை” என்கிறாள் பாட்டி. எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டால் அவளால் விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. மூக்கு தாத்தாவுடையது அன்று, கண்ணும் அன்று. ஆனாலும் வீடே அவள் சொன்னதை ஒப்புக்கொள்கிறது. தமிழில் முகத்தைப் பற்றிப் பேச இரண்டு வழிகள் இருப்பதை இந்தக் காட்சி நினைவூட்டுகிறது. ‘மூக்கும் முழியுமாக’ என்பது உறுப்புகளைச் சொல்வது. ‘ஜாடை’ என்பது எந்த உறுப்பிலும் தங்காமல் அவற்றுக்கு இடையிலுள்ள உறவில் தங்கும் ஒன்றைச் சொல்வது.

புதிதாக வரையத் தொடங்குபவரின் தோல்வி பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நேர்கிறது. இமை மயிர் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும், உதட்டின் மடிப்பில் நிழல் கச்சிதமாக விழுந்திருக்கும், கருவிழியில் ஒளிப்புள்ளி மின்னும். படத்தைக் காட்டினால் வீட்டார் “யார் இது?” என்று கேட்பார்கள். மூக்கும் முழியும் வந்துவிட்டன, ஜாடை வரவில்லை.

இந்தத் தோல்விக்குக் கலைச் சிந்தனையில் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஜான் ரஸ்கின் 1857இல் வெளியிட்ட தம் வரைகலைப் பயிற்சி நூலில், பொருள் இன்னதென்று அறியாத குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் வண்ணத் திட்டுகளாக உலகைக் காண ஓவியர் மீண்டும் பழக வேண்டும் என்றார். எர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1960இல் வெளியான ‘கலையும் மாயத்தோற்றமும்’ என்ற நூலில் அதை மறுத்தார். அறியாக் கண் என்று ஒன்று கிடையாது, ஓவியர் எவரும் முன்பே கற்ற ஒரு வரைவமைப்பிலிருந்து தொடங்கிக் காட்சியோடு ஒப்பிட்டு அதைத் திருத்திக்கொண்டே போகிறார் என்பது அவர் கருத்து. வரையக் கற்பவர் இவர்களில் யார் பேச்சைக் கேட்பது?

2. பிழை கையிலா, கண்ணிலா?

‘எனக்குக் கை வராது’ என்பதே பலரும் சொல்லும் காரணம். டேல் கோஹன், சூசன் பென்னட் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. பொருளைத் தவறாகக் காண்பது, எதை வரைவது எதை விடுவது என்ற முடிவில் தவறுவது, கைத்திறன் குறைவு, வரைந்த படத்தையே தவறாகக் காண்பது என்று பிழைக்கு நான்கு ஊற்றுகளை அவர்கள் வகுத்தார்கள். ஒளிப்படத்தின் மேல் தாளை வைத்துத் தடம் பிடிக்கச் சொன்னால், வரையத் தெரியாதவர்களும் ஓரளவு நன்றாகவே செய்கிறார்கள். ஆகவே கையின் மீது பெரிய குற்றம் சுமத்த முடியாது. பொருளைத் தவறாகக் காண்பதே முதன்மைக் காரணம் என்று அவர்கள் முடித்தார்கள்.

நாள்தோறும் காண்பதையே நாம் அளவறியாமல் காண்கிறோம் என்பதற்குக் கோம்பிரிச் தரும் சான்று எளியது. ஆவி படிந்த நிலைக்கண்ணாடியின் முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதில் தெரியும் தலையின் விளிம்பை விரலால் வரைந்து பார்க்கலாம். எவ்வளவு தள்ளி நின்றாலும் கண்ணாடிப் பரப்பில் அந்த உருவம் உண்மைத் தலையில் பாதி அளவே இருக்கும். ஆயுள் முழுதும் கண்ணாடி பார்த்துத் தலை சீவியவருக்கும் இது வியப்பாகவே இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு தடை எழுகிறது. ஓவியர் எல் கிரெகோ மனிதர்களை ஒல்லியாக நீட்டி வரைந்ததற்கு அவர் கண்ணில் இருந்த குறையே காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது பொருந்தாது. உலகம் அவருக்கு நீண்டு தெரிந்திருந்தால் அவர் வரையும் துணியும் நீண்டே தெரிந்திருக்கும், இரண்டு நீட்சியும் ஒன்றையொன்று கழித்துவிட்டிருக்கும். இதே தருக்கத்தைத் தொடக்க மாணவருக்கும் பொருத்தலாம். எதிரில் இருப்பவரின் நெற்றி அவருக்குச் சிறிதாகத் தெரிந்தால், படத்தில் உள்ள நெற்றியும் அப்படியே தெரிய வேண்டும். பிறகு பிழை எங்கிருந்து வந்தது?

இதற்கு இரண்டு விடைகள் சொல்லலாம். முதலாவது, எதிரில் இருப்பது திரட்சியுள்ள தலை, தாளில் இருப்பது தட்டையான கோடு. அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றை மனம் தன்னால் சரிக்கட்டிக்கொள்ளும் பழக்கம் முதலதில் முழு வலிமையோடு இயங்குகிறது, இரண்டாவதில் அவ்வாறு இயங்குவதில்லை. எனவே கழித்தல் முழுமையாக நடப்பதில்லை. இரண்டாவது விடையே பயிற்சிக்கு முக்கியமானது. கற்பவர் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதில்லை. ஆளைப் பார்க்கிறார், பின்பு தாளுக்குத் திரும்புகிறார். அந்த இடைவெளியில் கண்ட முகம் நழுவி அறிந்த முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிழை அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

தேர்ந்த ஓவியர் அந்த இடைவெளியை எப்படிக் கையாளுகிறார் என்பதை ஜான் சலென்கோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். பிரித்தானிய உருவப்பட ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷனின் கண்ணசைவுகளை அவர் வரையும்போதே அளந்து 2001இல் வெளியிட்டார்கள். வரையாதபோது பல இடங்களில் தாவும் பார்வை, வரையும்போது ஒரே சிறு புள்ளியில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஊன்றியது. அந்தத் துணுக்கு தாளுக்குப் போனதும் பார்வை மீண்டும் ஆளிடம் திரும்பியது. ஒரு நோக்கில் கொஞ்சமே எடுத்து, எடுத்ததை மறக்குமுன் இறக்கிவைப்பதே அவர் முறை. முகம் முழுவதையும் மனத்தில் சுமந்து தாளுக்குக் கொண்டுவர முயல்பவருக்கு வழியிலேயே பாதி சிந்திவிடும்.

3. தலைகீழ்ப் படமும் கண்ணாடிப் படமும்

அறிந்த முகத்தை வெளியேற்றப் புகழ்பெற்ற ஒரு வழி உண்டு. பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட பயிற்சி நூலில், பிக்காசோ வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுக்கச் சொன்னார். பெயர் சொல்ல முடியாதபடி உருவம் அந்நியமானால் கண் வடிவத்தை மட்டுமே பார்க்கும் என்பது இதன் அடிப்படை. இதை மூளையின் வலப்பக்கத்தின் ஆற்றல் என்று அவர் விளக்கியதைப் பின்வந்த நரம்பியல் மிகை எளிமையாக்கம் என்று கருதுகிறது. விளக்கம் தவறானாலும் பயிற்சி பயனுள்ளதாக இருக்கலாமே என்று கேட்கலாம். கோஹனும் ஹாலி எர்ல்ஸும் 2010இல் இதைச் சோதித்தபோது, படத்தைத் தலைகீழாக வைப்பதால் வரைவின் துல்லியம் கூடவில்லை.

ஏன் கூடவில்லை என்பதற்கு முகம் அறிதல் பற்றிய ஆய்வுகள் ஒரு குறிப்பைத் தருகின்றன. தலைகீழாக்கினால் மற்றப் பொருள்களைவிட முகத்தை அடையாளம் காண்பது மிகுதியாகக் கெடுகிறது என்று ராபர்ட் யின் 1969இல் காட்டினார். பீட்டர் தாம்சன் 1980இல் மார்கரெட் தாட்சரின் ஒளிப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். முழுப் படத்தையும் கவிழ்த்து வைத்தால் அது இயல்பாகவே தோன்றியது. நிமிர்த்தியதும் பார்ப்பவர் திடுக்கிட்டார்கள். கவிழ்ந்த முகத்தில் மூக்கையும் முழியையும் தனித்தனியே காண்கிறோம், ஜாடையைக் காணும் திறனை இழக்கிறோம் என்பதே இதன் பொருள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தலைகீழ்ப் பயிற்சி அறிந்த முகத்தைத் துரத்தும்போது, பிழையைக் கண்டுபிடிக்கும் காவலாளியையும் சேர்த்தே துரத்திவிடுகிறது. கண்களுக்கு இடையே சிறிதளவு பிசகினாலும் ‘இது அவர் இல்லை’ என்று உடனே சொல்லும் ஆற்றல் வரையத் தெரியாத பாட்டிக்கும் உண்டு. வாழ்நாள் முழுதும் மனித முகங்களைப் பார்த்துப் பழகிய அறிவு அது. ரஸ்கின் வேண்டிய அறியாக் கண்ணுக்கு அது இல்லை. அறியாக் கண் கோட்டைச் சரியாக இடலாம். ஆனால் ஜாடை வந்ததா என்று அதனால் சொல்ல முடியாது.

பழைய ஓவியர்கள் கையாண்ட இன்னொரு கருவி இங்கே கவனத்துக்குரியது. வரைந்த படத்தை நிலைக்கண்ணாடியில் காட்டிப் பார்க்குமாறு ஆல்பெர்ட்டி 1435இல் எழுதினார், லியொனார்டோவும் அதையே பரிந்துரைத்தார். கண்ணாடி இடத்தையும் வலத்தையும் மாற்றுகிறது, ஆனால் முகத்தை நிமிர்ந்தபடியே விடுகிறது. மணிக்கணக்கில் பார்த்துப் பழகிப்போன நம் படம் திடீரெனப் புதிதாகிறது. முகம் அறியும் திறனோ முழுமையாக விழித்திருக்கிறது. சரிந்த கண்ணும் ஒருபக்கம் வீங்கிய தாடையும் அப்போது தாமே காட்டிக்கொடுக்கின்றன. தலைகீழாக்குதல் அயலார் கண்ணை மட்டும் தருகிறது. கண்ணாடியில் அயலார் கண்ணும் உறவினர் கண்ணும் சேர்ந்தே கிடைக்கின்றன.

4. தாளம் என்னும் அளவுகோல்

கற்ற வரைவமைப்பு பார்வைக்குப் பகை என்ற எண்ணத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடக்க மாணவர் பலரும் கண்களைத் தலையில் மிக மேலே வைக்கிறார்கள். வளர்ந்தவரின் கண்கள் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் உள்ளன. நெற்றியிலும் தலைமுடியிலும் கவனத்தை ஈர்க்கும் உறுப்பு இல்லாததால் அந்த மேல்பாதி மனக்கணக்கில் சுருங்கிவிடுகிறது.

உருவத்தின் உறுப்பளவுகளை வகுக்கும் சிற்ப நூல்களின் தாள முறை இந்தப் பிழைக்கு இடம் கொடுப்பதில்லை. உத்தம தசதாளம் என்னும் அளவில் உருவத்தின் உயரம் 124 பங்கு; ஒரு பங்கு அங்குலம் எனப்படும். அதில் உச்சியிலிருந்து மயிரெல்லை வரையுள்ள பகுதிக்குத் தனி அளவு உண்டு. மயிரெல்லையிலிருந்து கண்கோடு, அங்கிருந்து மூக்கடி, அங்கிருந்து மோவாய் என்று முகம் மூன்று பங்காகிறது. உச்சிப் பகுதியையும் சேர்த்தால் கண்கோடு தலையின் நடுவையொட்டியே விழும். உறுப்பில்லாத இடத்துக்கும் அளவு கொடுத்தது இம்முறையின் நுட்பம். ரோமானியரான விட்ருவியஸும் மோவாயிலிருந்து மயிரெல்லை வரை முகத்தை மூன்று சம பங்குகளாகவே வகுத்தார்.

ஸ்தபதியின் நோக்கம் ஜாடை அன்று, இலக்கணம் நிறைந்த உருவம். மாமல்லபுரம் ஆதிவராகக் குகைக்கோயிலில் உள்ள பல்லவ அரசர்களை நாம் மேலே பொறித்த பெயர்களைக் கொண்டே இன்னாரென்று அறிகிறோம். அவர்களை அடையாளப்படுத்தும் பணியை முகம் தனியே சுமக்கவில்லை. எனவே தாளம் உருவப்படத்தைத் தராது. ஆனால் அதைத் தொடங்குவதற்கான கோலைத் தரும். எல்லோருக்கும் பொதுவான அளவு கையில் இருந்தால்தான், எதிரில் இருப்பவரின் மூக்கடி அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, கண்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கேட்க முடியும். பொதுவிலிருந்து ஒருவர் விலகும் அளவே அவருடைய ஜாடை. தாளத்தோடு நின்றால் பொம்மை வரும். தாளமே இல்லையென்றால் விலகலை அளக்க வழியில்லை.

5. பயிற்றுமுறைக்கு இதன் பொருள்

பிரான்சில் சார்ல்ஸ் பார்க், ழான்-லியோன் ஜெரோமின் துணையோடு 1866 முதல் 1871 வரை வெளியிட்ட வரைபாடத் தொகுதி இந்த மாறி மாறிப் பார்த்தலை ஒழுங்குபடுத்திய ஒரு முயற்சி. முதலில் சுதைவார்ப்புகளின் படங்கள், அடுத்துப் பேரோவியர்களின் வரைவுகள், கடைசியாக உயிருள்ள ஆள் என்பது அதன் வரிசை. பல பலகைகளில் முடிந்த படத்தின் அருகே சில நேர்க்கோடுகளால் ஆன எளிய கூடும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் கூடு, பிறகு திருத்தம். வான்கோ தம் தொடக்க நாட்களில், 1880 முதல் 1881 வரையில், இந்தத் தொகுதியை வைத்து வரைந்து பழகினார். இந்த வரிசையில் ஒரு காரணம் இருக்கிறது. அசையாத, வண்ணமற்ற, யாரென்று தெரியாத சுதைத்தலை அயலார் கண்ணைப் பழக்குகிறது. அது ஊன்றிய பிறகே அசைந்து மூச்சுவிடும் மனிதர் எதிரில் வருகிறார்.

நம் ஊர்களில் பேனர் ஓவியர்கள் பெருக்கி வரையக் கையாண்ட கட்டம் போடும் முறையும் அயலார் கண்ணின் கருவிதான். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பது மட்டுமே கேள்வி. அது நம்பகமானது, ஆனால் அளக்கும் வேலையைக் கட்டமே செய்துவிடுவதால் கற்பவருக்கு மதிப்பிடும் பழக்கம் அதனால் மட்டும் வளராது. எனவே கட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு செங்குத்துக் கோடும் ஒரு கிடைக்கோடும் மட்டும் எஞ்சும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நீட்டிப் பிடித்த பென்சிலால் அளப்பதும் அப்படித்தான். முதலில் கண்ணால் மதிப்பிட்டுக் குறித்துவிட்டு, பிறகு பென்சிலால் சோதித்தால் அளவை ஆசிரியராகும். முதலிலேயே அளந்தால் அது ஊன்றுகோலாகவே நின்றுவிடும்.

ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதற்கும் இது பொருந்தும். ஒளிப்படம் திரட்சியைத் தட்டையாக்கும் பாதி வேலையை முன்பே முடித்துவிடுகிறது. மிக அருகில் எடுத்ததாயின் மூக்கைப் பெரிதாக்கிக் காதைப் பின்னுக்குத் தள்ளியும் இருக்கும். அதை மட்டும் நகலெடுப்பவர் நிழலும் பரப்பும் நன்கு கற்பார். கண்ட முகம் நழுவும் இடைவெளியை எதிர்கொள்ளக் கற்கமாட்டார்.

நிழலிலும் அறிந்தது கண்டதை மறைக்கிறது. கண்ணின் வெண்மை வெள்ளை என்று அறிந்திருப்பதால் கற்பவர் அதை வெறுந்தாளாக விடுகிறார். இமையின் நிழலில் அது பெரும்பாலும் கன்னத்தைவிட மங்கலாகவே இருக்கும். நிழலில் விழுந்த வெள்ளைக் கட்டமும் வெளிச்சத்திலுள்ள கறுப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம் என்பதை எட்வர்ட் ஆடெல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் படம் காட்டியது. உண்மை தெரிந்த பிறகும் கண் ஏமாறுவது நிற்பதில்லை. ஆகவே ‘உற்றுப் பார்’ என்று சொன்னால் மட்டும் போதாது. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், தாளில் துளையிட்டு அதன் வழியே இரண்டு இடங்களை ஒப்பிடுவதும் கற்பிக்கப்பட வேண்டும்.

6. முடிவுரை

ரஸ்கினும் கோம்பிரிச்சும் ஒரே செயலின் வெவ்வேறு கணங்களைப் பேசினார்கள் எனலாம். கோடு இடும் கணத்தில் ரஸ்கின் சொல்வது உதவுகிறது. பின்வாங்கி நின்று பார்க்கும் கணத்தில் கோம்பிரிச் சொல்வது உதவுகிறது. கற்பவர் பிழை செய்வது அறிவு இருப்பதால் அன்று, எந்தக் கணத்தில் எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதைக் குழப்பிக்கொள்வதால். வரையும்போது உறவினராகவும், சரிபார்க்கும்போது அயலாராகவும் இருந்துவிடுகிறார். அறிந்த முகத்தை வரைந்து, பிறகு இமை மயிரை எண்ணிச் சரிபார்க்கிறார்.

ஆகவே ஓவிய வகுப்பு ஒவ்வொன்றிலும் வரைவதற்கு ஒதுக்கும் நேரத்தோடு, எழுந்து தள்ளி நின்று கண்ணாடியில் பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். படத்தைப் பாட்டியிடம் காட்டுவதும் பயிற்சியின் பகுதியாகலாம். எங்கே பிசகியது என்று அவளால் சொல்ல முடியாது, பிசகியது என்று மட்டும் சொல்வாள். எங்கே என்று தேடி அளப்பது வரைபவரின் வேலை.