கப்பற்புகையும் கந்தக வரம்பும்

உலக நாடுகளிடையே பரிமாறப்படும் வாணிகப் பொருள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை இன்றும் கடல்வழியாகவே செல்கின்றன. அரிசியும் கோதுமையும், இரும்பும் எண்ணெயும், துணியும் மருந்தும் ஒரு கரையிலிருந்து மறுகரையை அடைவது கப்பலாலேயாம். இத்துணைப் பெரும் பணியைக் கப்பல்கள் குறைந்த செலவிற் செய்து வந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று, தரையிலே பிறர் விரும்பாத எரிபொருளை அவை எரித்து வந்தமையாகும். அவ்வெரிபொருளின் உண்மையான விலை முழுவதையும் கப்பலுடையாரோ பொருள் வாங்கியோரோ கொடுத்தாரல்லர். அதன் ஒரு பகுதியைத் துறைமுக நகரங்களில் வாழ்ந்த மக்கள் தம் உடல்நலத்தாற் கொடுத்தனர். அந்நிலையை மாற்றுதற்கு உலகநாடுகள் எடுத்த முயற்சி முப்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த கந்தக வரம்பு அவ்வரலாற்றின் முதன்மையான நிகழ்ச்சி. சட்டம் இயற்றுதலினும், அச்சட்டத்திற்கு ஒரு பெருந்தொழிலை ஆயத்தஞ் செய்தலே அரியதென்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது.

நிலக்கரியும் எண்ணெயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக்கப்பல்கள் பாய்க்கப்பல்களின் இடத்தைப் பெற்றபொழுது நிலக்கரியே அவற்றின் உணவாயிற்று. ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் முதலிய துறைகள் நிலக்கரி ஏற்றும் நிலையங்களாகவும் பெயர்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்நிலை மாறலாயிற்று. 1912 இல் டென்மார்க்கிற் கட்டப்பட்ட ‘செலாண்டியா’ என்னும் கப்பல், டீசல் பொறிகளைக் கொண்டு கொப்பனேகனிலிருந்து பாங்கொக் வரை சென்று புதியதொரு வழியைக் காட்டிற்று. அக்காலத்திலேயே பிரித்தானியக் கடற்படையும் நிலக்கரியை விட்டு எண்ணெயை நாடியது. எண்ணெய் குறைவின்றிக் கிடைத்தற்பொருட்டுப் பிரித்தானிய அரசாங்கம் 1914 இல் ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கொம்பனியின் பெரும்பங்கை விலைக்கு வாங்கிற்று.

எனினும் அந்நாளைய டீசற் பொறிகள் தூய எண்ணெயையே வேண்டி நின்றன. இரண்டாம் உலகப்போரின் பின்னரே பெருமாற்றம் நிகழ்ந்தது. 1946 ஆம் ஆண்டளவில் ஜோன் லாம் என்னும் பொறியியலாளர் ‘ஓரிக்குலா’ என்னும் எண்ணெய்க்கப்பலிலே கனவெண்ணெயை எரித்துக் கடற்பயணஞ் செய்யலாம் என்பதை நிறுவினார். கனவெண்ணெய் என்பது, மசகெண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றை வடித்தெடுத்தபின் சுத்திகரிப்பு ஆலையில் எஞ்சும் கரிய கசடேயாம். குளிர்ந்த நிலையில் அது தார்போல் இறுகிக் கிடக்கும். சூடாக்கி இளக்கி, அழுக்கு நீக்கிய பின்னரே பொறியினுட் செலுத்தப்படும். ஆயினும் அதன் விலை குறைவு. ஆலைக்குக் கழிவு நீங்கிற்று. கப்பலுக்கு மலிவான எரிபொருள் வாய்த்தது. இருசாராரும் நன்மையடைந்தமையால் அவ்வழக்கம் உலகெங்கும் பரவி நிலைபெற்றது.

புகையினால் வந்த கேடு

மசகெண்ணெயிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதி வடித்தெடுத்த எண்ணெய்களிற் செல்லாது கசடிலேயே தங்கிவிடுகின்றது. அது எரியும்பொழுது கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகி, வளியிலுள்ள ஒட்சிசனோடும் நீராவியோடுங் கலந்து சல்பூரிக்கமிலமாகவும் நுண்துகள்களாகவும் மாறுகின்றது. அமிலம் மழையோடு வீழ்ந்து மண்ணையும் நீர்நிலையையும் கெடுக்கும். நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று சுவாசநோயையும் இருதயநோயையும் வளர்க்கும்.

இவ்வுண்மையை மக்கள் முதலில் தரையிலேயே கண்டனர். 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகையோடு கலந்த மூடுபனி ஐந்து நாள்கள் சூழ்ந்திருந்தபொழுது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1956 இல் தூயவளிச் சட்டம் பிறந்தது. 1967 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி சுவாந்தே ஓடென், தம் நாட்டு ஏரிகள் புளிப்படைவதற்குப் பிறநாட்டுப் புகையே காரணமென எடுத்துரைத்தார். புகை நாட்டெல்லையை அறியாது என்னும் இக்கருத்தே 1979 இல் ஜெனீவாவிற் கையெழுத்தான வளிமாசு உடன்படிக்கைக்கு அடிப்படையாயிற்று. அதன் பின்னர் ஐரோப்பாவில் மின்னிலையங்களும் ஆலைகளும் கந்தகத்தைக் குறைத்தன; வீதியில் ஓடும் வண்டிகளின் டீசலிலும் கந்தகம் படிப்படியாக நீக்கப்பட்டது. கப்பல் மட்டும் பழைய நிலையிலேயே நின்றது. 2009 இலிருந்து ஐரோப்பிய வீதிகளில் விற்கப்பட்ட டீசலில் ஒரு மில்லியன் பங்கில் 10 பங்கு கந்தகமே இருக்கலாம். அதே காலத்திற் கப்பல் எரிபொருளில் அவ்வளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு கந்தகம் இருத்தற்கு இடமிருந்தது.

சட்டம் பிறந்த வரலாறு

கடலிற் செல்லுங் கப்பல் ஒரு நாட்டுக் கொடியைத் தாங்கும். வேறொரு நாட்டவர்க்கு உரியதாகும். மூன்றாவது நாட்டின் துறையில் எண்ணெய் ஏற்றும். ஆதலின் தனியொரு நாடு சட்டஞ் செய்து அதனைக் கட்டுப்படுத்துதல் அரிது. கடுமையான சட்டம் உள்ள நாட்டின் கொடியை இறக்கி, இலகுவான சட்டம் உள்ள நாட்டின் கொடியை ஏற்றுதல் கப்பலுடையார்க்கு எளிது. இதனால் இப்பொறுப்பு இலண்டனிலிருந்து இயங்கும் சர்வதேசக் கடல்சார் நிறுவனத்தைச் சார்ந்தது. 1988 இல் நோர்வே நாடு விடுத்த வேண்டுகோளை ஏற்று அந்நிறுவனத்தின் சூழற் குழு கப்பற்புகையைத் தன் ஆய்வுப்பொருளாக்கிற்று. ஒன்பது ஆண்டு ஆராய்ச்சியின் பின், 1997 செப்டெம்பரில், கடல் மாசடைதலைத் தடுக்கும் மார்ப்பொல் உடன்படிக்கைக்கு ஆறாவது இணைப்பு நிறைவேறியது.

அவ்விணைப்பு வலுப்பெறுவதற்கு, உலகக் கப்பற் கொள்ளளவிற் பாதியையேனும் உடைய 15 நாடுகளின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பதினைந்தாவது நாடாக 2004 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது பசிபிக் கடலிலுள்ள சிறுதீவு நாடாகிய சமோவா என்பது நினைவுகூரத்தக்கது. ஓராண்டின் பின், 2005 மே 19 ஆம் நாள், இணைப்பு நடைமுறைக்கு வந்தது.

முதல் வரம்பு 4.5 வீதம். அக்காலத்தில் உலகிற் பயன்பட்ட கனவெண்ணெயின் சராசரிக் கந்தகம் 2.7 வீதத்தை அண்மியே இருந்தது. நடைமுறையிலுள்ள அளவுக்கு மேலாக வகுத்த வரம்பு யாரையும் கட்டுப்படுத்தாது என்பது வெளிப்படை. ஆயின் அச்சட்டம் பயனற்றதென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. பால்டிக் கடல், வடகடல் ஆகியவற்றைத் தனிக்கட்டுப்பாட்டுப் பரப்புகளாக்கி, ஆங்கு 1.5 வீத வரம்பை விதித்தது அச்சட்டமே. எண்ணெய் மாதிரி எடுத்தல், விநியோகச் சீட்டுப் பேணல் முதலிய ஒழுங்குகளையும் அது பழக்கத்திற் கொணர்ந்தது. பின்வந்த கடுமையான விதிகளுக்கு இவையே அடிக்கல்லாயின.

2008 ஒக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டன. உலகக் கடல்களில் 2012 முதல் 3.5 வீதமும், 2020 முதல் 0.5 வீதமும் உயரெல்லையாகும். தனிப்பரப்புகளில் 2010 யூலை முதல் 1 வீதமும், 2015 முதல் 0.1 வீதமும் உயரெல்லையாகும். இங்ஙனம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நாள் குறிக்கப்பட்டது. ஆனால் அத்திருத்தத்திலே ஒரு வாயிலுந் திறந்துவிடப்பட்டிருந்தது. போதிய எண்ணெய் கிடைக்குமா என்பதை 2018 க்கு முன் ஆராய வேண்டும்; கிடையாதெனக் காணின் 2020 ஐ 2025 ஆக மாற்றலாம்.

நாளைப்பற்றிய வழக்கு

அவ்வாயில் திறந்திருந்தமையால் எண்ணெய் ஆலைகளும் கப்பற் கொம்பனிகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாளாவிருந்தன. கப்பல்கள் வாங்கும் என்னும் உறுதி இல்லாமல் ஆலையார் பெருமுதல் இட்டுக் கந்தகம் நீக்கும் பொறிகளை நிறுவ விரும்பவில்லை. எண்ணெய் கிடைக்கும் என்னும் உறுதி இல்லாமற் கப்பலுடையாரும் தம் கலங்களை மாற்ற விரும்பவில்லை.

2016 இல் இரு ஆய்வறிக்கைகள் நிறுவனத்தின் முன் வைக்கப்பட்டன. நிறுவனத்தின் சார்பிற் செய்யப்பட்ட ஆய்வு, 2020 இல் எண்ணெய் போதியதாகும் என்றது. கப்பற்றுறையினரும் எண்ணெய்த்துறையினரும் செய்வித்த ஆய்வு, போதாது என்றது. பின்லாந்து நாடு முன்வைத்த மூன்றாவது ஆய்வு எண்ணெயைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. ஐந்தாண்டு தாமதித்தால் ஐந்து இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் காலத்துக்கு முன் இறப்பர் என்பது அதன் மதிப்பீடு. அவர்களுட் பெரும்பாலார் ஆசிய ஆபிரிக்க நாடுகளின் கரையோர மக்கள். தாமதத்தாற் சேமிக்கப்படும் பணம் ஒரு சாராரையும், தாமதத்தால் வரும் இழப்பு மற்றொரு சாராரையும் சேர்ந்தது என்பதை இவ்வறிக்கை சபையின்முன் வைத்தது. 2016 ஒக்டோபரில் இலண்டனிற் கூடிய சூழற் குழு 2020 ஆம் ஆண்டையே உறுதிசெய்தது. உறுதியான அந்நாளிலிருந்தே உண்மையான ஆயத்தம் தொடங்கிற்று.

ஆயத்தம்

ஒரு முன்னனுபவம் அதற்குள் வாய்த்திருந்தது. 2015 இல் பால்டிக், வடகடற் பரப்புகளில் 0.1 வீத வரம்பு வந்தபொழுது, கடல்வழிச் சரக்கு வீதிக்கு மாறிவிடும் என்று பலர் அஞ்சினர். இங்கிலாந்தின் ஹாரிச்சிலிருந்து டென்மார்க்கின் எஸ்பியேர்க் துறைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்ற பயணிகள் சேவை 2014 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டபொழுது, புதிய எரிபொருட் செலவும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. எனினும் அவ்வேளையில் உலக எண்ணெய் விலை வீழ்ந்தமையால் தாக்கம் தணிந்தது.

2020 க்குக் கப்பலுடையார் முன் மூன்று வழிகள் இருந்தன. கந்தகங் குறைந்த எண்ணெய்க்கு மாறுதல் முதலாவது. பழைய எண்ணெயையே எரித்துப் புகைபோக்கியிற் கழுவுபொறி பொருத்துதல் இரண்டாவது. இயற்கைவாயு போன்ற வேறு எரிபொருளை நாடுதல் மூன்றாவது. மூன்றாம் வழி பெரும்பாலும் புதிய கப்பல்களுக்கே ஏற்றது. சில மில்லியன் டொலர் செலவில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் இரண்டாம் வழியை மேற்கொண்டன. ஏனைய பெருந்தொகையின முதல் வழியையே கொண்டன.

முதல் வழி எளிதெனத் தோன்றினும் அதற்குரிய வேலை மிகப்பெரிது. பல்லாண்டு கனவெண்ணெய் தங்கிய தாங்கிகளின் அடியிலும் சுவரிலும் கசடு படிந்திருக்கும். அதன்மேற் புதிய எண்ணெயை ஊற்றினால் கலவையின் கந்தகம் 0.5 வீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே தாங்கிகளையும் குழாய்களையும் கழுவித் தூய்மை செய்யவேண்டியதாயிற்று. புதிய எண்ணெய்கள் ஆலைக்கு ஆலை வேறுபட்ட கலவைகளாக இருந்தன. ஒரு துறையில் வாங்கியதை மற்றொரு துறையில் வாங்கியதோடு கலந்தாற் கசடு திரண்டு வடிகளை அடைக்கலாம். சில எண்ணெய்கள் குளிரில் மெழுகுபோல் உறையலாம். பொறியின் உருளைகளுக்கு இடும் உராய்வுநீக்கி எண்ணெயும் மாற்றப்படவேண்டும்; ஏனெனின் கந்தகவமிலத்தைத் தணிக்கும் காரம் முன்போல் மிகுதியாகத் தேவைப்படாது. இவற்றை முன்னிட்டு, ஒவ்வொரு கப்பலும் தனக்கென ஓர் ஆயத்தத் திட்டம் வகுத்தல் நன்று என நிறுவனம் 2018 இல் வழிகாட்டிற்று. பொறியறையில் உழைத்த மாலுமிகளே அத்திட்டங்களை 2019 இன் இறுதி மாதங்களில் நிறைவேற்றினர்.

நேர்மையாக நடப்போர் நட்டமடையாதிருத்தற்கும் ஒரு விதி செய்யப்பட்டது. நடுக்கடலில் எந்த எண்ணெய் எரிகின்றது என்பதைக் கண்டறிதல் கடினம். ஆதலின் கழுவுபொறி இல்லாத கப்பல், வரம்பு மீறிய எண்ணெயைத் தன் பயன்பாட்டிற்குத் தாங்கியில் வைத்திருத்தலே குற்றம் என்னும் விதி 2020 மார்ச் முதலாம் நாள் தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. துறைமுகத்திலேயே சோதித்து அறியக்கூடிய குற்றமாதலின் இவ்விதி சட்டத்திற்கு வலுவூட்டியது.

விளைவுகள்

2020 ஜனவரித் தொடக்கத்திற் சிங்கப்பூரிலே புதிய எண்ணெயின் விலை மெற்றிக் தொன்னுக்கு 700 டொலரைத் தாண்டியது. சில மாதங்களுட் கொள்ளைநோயால் உலக எண்ணெய் விலை சரிந்தபொழுது அதுவுந் தாழ்ந்தது. எதிர்பார்த்த பெருங்குழப்பம் நேரவில்லை. உலகக் கடல்களிற் செல்லும் 60,000 க்கு மேற்பட்ட கப்பல்களிலிருந்து, விதிக்கமைந்த எண்ணெய் கிடைக்கவில்லை என்று அவ்வாண்டு முழுவதிலும் நிறுவனத்திற்கு வந்த அறிவிப்புகள் 55 மட்டுமே. கப்பல்கள் வெளிவிடும் கந்தகவொட்சைட்டுகள் ஏறத்தாழ 77 வீதம் குறையும் என நிறுவனம் மதிப்பிட்டது.

எனினும் ஒரு கேட்டை நீக்குமிடத்து மற்றொரு வினா எழுதல் இயல்பு. கழுவுபொறிகள் வளியிற் செல்லவேண்டிய கழிவைக் கடல்நீரிற் சேர்ப்பதைக் கண்டு, சிங்கப்பூர் முதலிய துறைகள் கழுவுநீரைத் தம் கடலில் விடுவதைத் தடைசெய்தன. 2020 யூலையில் மொரீசியஸ் கரையிலே தரைதட்டிய ‘வக்காசியோ’ என்னுங் கப்பலிலிருந்து ஏறத்தாழ ஆயிரந் தொன் எண்ணெய் பவளக்கடலிற் பரவியது. புதியவகை எண்ணெய் பெருமளவிற் கடலிற் கொட்டியது அதுவே முதன்முறையாதலின், அதன் இயல்பை அறியவேண்டிய தேவை உணரப்பட்டது.

வானத்திலும் மாற்றந் தோன்றிற்று. இலங்கையின் தென்பாற் கடந்து மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் கப்பற்பாதையின்மேல், அயற்கடலினும் ஏறத்தாழ இருமடங்கு மின்னல் தோன்றுவதாக 2017 இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. புகைத்துகள்கள் முகிலின் இயல்பை மாற்றுவதே அதற்குக் காரணமெனக் கருதப்பட்டது. வரம்பு வந்தபின் கப்பற்பாதைகளின்மேல் மின்னல் குறைந்தது. அத்துகள்கள் ஞாயிற்றின் ஒளியைத் திருப்பி உலக வெப்பத்தைச் சிறிது மறைத்தும் வந்தன. அம்மறைப்பு நீங்கியதால் வெப்பம் எவ்வளவு கூடிற்று என்பதுபற்றி அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். ஆயினும் மக்களின் நுரையீரலை நோகச்செய்து உலகைக் குளிர்வித்தல் மருந்தாகாது. வெப்பத்திற்கு மூலமான கரிவாயுவையே குறைத்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. 2008 இல் நாள் குறிக்கப்பட்டும், அது தளரலாம் என்னும் ஐயம் நிலவிய எட்டாண்டிலே ஆயத்தம் மந்தமாகவே நடந்தது. ஐயம் நீங்கிய மூன்றாண்டிலே உலகத்தின் பெருந்தொழில் ஒன்று தன் எரிபொருளையே மாற்றிக்கொண்டது. கால அவகாசத்தினும் அவ்வவகாசம் நீளாது என்னும் உறுதியே ஆயத்தத்தைத் தோற்றுவிக்கின்றது. கப்பல்கள் வெளிவிடுங் கரிவாயுவைக் குறைத்தற்குரிய உலகத் திட்டம் 2025 ஒக்டோபரில் அதே நிறுவனத்தின் முன் வந்து, ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தலுக்கும் ஒரு விலை உண்டென்பதை 2016 இல் உணர்ந்த நாடுகள் அதனை மறவாதிருத்தல் வேண்டும். அவ்விலையைச் செலுத்துவோர் சபையில் வாக்களிப்போரல்லர். கரையோரத்தில் வாழும் எளிய மக்களே.