லூயிவில் நகரமும் புதிய இசையும்

சிம்பொனி வாத்தியக்குழு என்றால் மறைந்த மேதைகளின் ஆக்கங்களை வாசிப்பது என்றே இன்று பலரும் எண்ணுகின்றனர். இஃது இயற்கை நியதியன்று. 1790இல் ஹெய்டன் லண்டனுக்கு அழைக்கப்பட்டது புதிய சிம்பொனிகளை எழுதித் தருவதற்காகவே. 1800 ஏப்ரலில் வியன்னாவில் பீத்தோவன் தமது முதலாவது சிம்பொனியை அரங்கேற்றியபோது, அதே நிகழ்ச்சியில் ஹெய்டன், மொஸார்ட் ஆகியோரின் ஆக்கங்களும் இடம்பெற்றன. மொஸார்ட் மறைந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன, ஹெய்டனோ உயிரோடிருந்தார். அன்றைய இரசிகன் கேட்டது தன் காலத்து இசையையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1829இல் மென்டெல்சோன், பாக்கின் மத்தேயு திருப்பாடுகள் இசையை மறதியிலிருந்து மீட்டார். அது பெருந்தொண்டு என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், முன்னோருக்குத் திறந்த கதவு காலப்போக்கில் வாழ்வோருக்கு அடைபட்டது. இதற்கு இரசிகரின் பழமைப்பற்றை மாத்திரம் குறைகூறுவது எளிது. கணக்கேட்டையும் நாம் புரட்டிப் பார்க்கவேண்டும். பழகிய ஆக்கத்தைச் சில ஒத்திகைகளோடு மேடையேற்றலாம். புதியதற்குப் பல ஒத்திகைகள் வேண்டும், ஒவ்வோர் ஒத்திகைக்கும் கூலி வேண்டும். மண்டபத்தை நிரப்பவோ புகழ்பெற்ற தனி வாத்தியக் கலைஞர் ஒருவரைப் பெருந்தொகை கொடுத்து அழைப்பதே வழமை. வரவுசெலவின் பெரும்பகுதி அங்கே கரைந்துவிடுகிறது.

இக்கணக்கை மாற்றிப் போட்டுக் காட்டியது பெருநகரொன்றன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒகாயோ ஆற்றங்கரையிலுள்ள லூயிவில் நகரம் 1937இல் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அதே ஆண்டில்தான் றொபேட் விற்னியின் தலைமையில் அங்கு ஒரு வாத்தியக்குழு தோன்றியது. 1948 அளவில் அது கடன்சுமையால் தள்ளாடிக்கொண்டிருந்தது. அப்போது நகர முதல்வராயிருந்த சாள்ஸ் பான்ஸ்லி கூறிய யோசனை மிக எளியது: வாத்தியக்காரர் தொகையை ஐம்பதளவிற்குக் குறையுங்கள், நட்சத்திரக் கலைஞருக்குக் கொடுக்கும் பணத்தை வாழும் இசையமைப்பாளருக்குக் கொடுத்துப் புதிய ஆக்கங்களை எழுதுவியுங்கள். இசைவாணர் கூறாத யோசனையை அரசியல்வாதி ஒருவர் கூறினார் என்பது கவனிக்கத்தக்கது.

ஹின்டமித், மியோ, விலா-லோபோஸ் போன்றோர் இச்சிறு நகருக்காக எழுதினர். 1953இல் றொக்பெல்லர் மன்றம் 400,000 டொலர் வழங்கியது. எண்ணெய்ச் செல்வம் திரண்ட வழியை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் அப்பணம் இங்கே செய்த வேலையை மறைப்பதும் நேர்மையாகாது. ஆண்டொன்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட புதிய ஆக்கங்கள் என்பது திட்டம். நியூயோர்க்கும் பொஸ்டனும் கனவிலும் நினையாத எண்ணிக்கை அது! இத்தாலியரான டல்லாபிக்கொலாவும், சீனாவிலிருந்து வந்து குடியேறிய செள வென்-சுங்கும் அந்நகர மேடையில் ஒலித்தனர். ஆக்கங்கள் இசைத்தட்டுகளாகவும் பதிவுசெய்யப்பெற்று, சந்தாதாரருக்கு அனுப்பப்பட்டன. மண்டபத்தில் ஓரிரு நாள் ஒலித்து ஓயவேண்டிய இசை தொலைதூர வீடுகளையும் நூலகங்களையும் சென்றடைந்தது.

இருந்தும் ஒரு குறை நின்றது. முதல் அரங்கேற்றத்திற்குப் பணம் கிடைத்தது. இரண்டாவது அரங்கேற்றத்திற்கு எவரும் முன்வரவில்லை. எலியட் காட்டர் 1955இல் எழுதிமுடித்த மாறுபாடுகள் என்னும் ஆக்கத்தைப் பிற்காலத்தில் பெரிய குழுக்களும் ஏற்றுக்கொண்டன. பலவற்றுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஓர் ஆக்கம் நல்லதா, அல்லதா என்பதை ஒருமுறை கேட்டு எவரால் தீர்க்கமுடியும்? பீத்தோவனையும் நாம் ஒருமுறை கேட்டா விளங்கிக்கொண்டோம்? நன்கொடை தீர்ந்தபின் அந்தப் பழைய வேகமும் தளர்ந்தது. 2010 டிசெம்பரில் வாத்தியக்குழு வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் செல்லும் நிலைக்கு வந்தது.

குழு அழிந்துவிடவில்லை. 2014இல் இளைஞரான ரெடி ஏப்ரம்ஸ் அதன் இசை நெறியாளரானார். 2022இல் அது மீண்டும் பழைய யோசனையைக் கையிலெடுத்தது. இம்முறை ஆக்கத்திற்கு மட்டும் விலை கொடுக்கவில்லை: மூன்று இசையமைப்பாளருக்குச் சம்பளமும் வீடும் தந்து, ஒரு பருவகாலம் முழுவதும் ஷெல்பி பார்க் என்னும் குடியிருப்பில் நகரமக்களிடையே வாழ்ந்து எழுதும்படி செய்தது.