சுருட்டு வணிகத்தில் ஊருறவு (இணுவில்)

இணுவில், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியில் உள்ள ஊர். தவில், நாகசுரக் கலைஞர்களால் பெயர்பெற்ற இவ்வூரும் அயலிலுள்ள தாவடி, கோண்டாவில், கொக்குவில் ஆகியனவும் புகையிலைக்கும் சுருட்டுக்கும் அறியப்பட்டவை. செம்மண் தோட்டத்தில் கிணற்றுநீர் பாய்ச்சி வளர்த்த இலை, தென்னிலங்கைக் கடையில் சுருட்டாக விற்கப்படும்வரை பல கைகள் மாறியது. அந்தக் கைகளைப் பிணைத்தது உறவுமுறையும் ஊர்ப்பெயருமே.

மாரியில் கன்று நட்டு, மாசி பங்குனியில் வெட்டி, உணர்த்திப் புகையூட்டிய இலையைத் தோட்டக்காரர் வியாபாரியிடமோ சுருட்டுச் சுற்றும் கொட்டிலின் முதலாளியிடமோ கொடுப்பார். முற்பணமும் கடனும் இங்கே சாதாரணம். சுருட்டு தெற்கே போய் விற்றுக் காசு திரும்பும்வரை எல்லோரும் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடிந்ததற்குக் காரணம், கடன்பட்டவர் மச்சானாகவோ கோயில் திருவிழா உபயகாரராகவோ இருந்ததுதான். ஏமாற்றினால் இழப்பது ஒரு வாடிக்கையாளரை மட்டுமல்ல. வீட்டுப் பிள்ளைகளின் கலியாணப் பேச்சும் கெடும். எழுதிய ஒப்பந்தத்துக்கு இவ்வளவு வலு இருந்திருக்குமா என்பது ஐயமே.

தெற்கிலிருந்த சுருட்டுக்கடைகளுக்கு ஊரிலிருந்தே பெடியன்களை அழைத்துப் போனார்கள். கடையில் வளர்ந்தவர் பின்னர் பங்காளியாவதும், தனிக்கடை போட்டாலும் பழைய கொட்டிலிலேயே சரக்கு எடுப்பதும் உண்டு.

உறவின் பேரில் நடக்கும் வணிகத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1985இல் ஆராய்ந்தார். பொருளியல் செயல்கள் சமூக உறவுகளுக்குள் பதிந்தே நிகழ்கின்றன என்ற அவர், அந்த உறவுகள் தரும் நம்பிக்கையே மோசடிக்கும் வழிவிடும் என்றார். உறவில்லாத இடத்தில் உறவை உண்டாக்க முயன்றவர்களும் உண்டு: டொயோட்டா நிறுவனத்துக்கு உதிரிப்பாகம் வழங்குவோர் 1943இல் கியோஹோகாய் என்ற சங்கமாக ஒன்றுகூடினர்.

இணுவில் போன்ற ஊர்களிலோ 'நம்மவர்' என்ற வட்டம் சிறியதாகவே இருந்தது. நிலமும் முதலும் பெரும்பாலும் வேளாளர் கையில் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தோட்டக் கூலியே வாய்த்தது. கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் எண்ணிக்கைக் கூலிக்குச் சுருட்டுச் சுற்றினார்கள். அந்த வாசிப்பு வளர்த்த அரசியலறிவும் சேர, சுருட்டுத் தொழிலாளர் பலர் இடதுசாரித் தொழிற்சங்கங்களின் பக்கம் சாய்ந்தனர். முதலாளி சித்தப்பாவாக இருந்தாலும் கூலி கூலிதான்.

மலையாள நாட்டுத் திருவிதாங்கூருக்குப் போன புகையிலையின் கதை வேறு. ஒல்லாந்தர் காலத்திலேயே பெருகியிருந்த அந்தச் சந்தை, இருபதாம் நூற்றாண்டில் இறக்குமதித் தீர்வையால் சுருங்கியது. வாங்குபவர் கடலுக்கு அப்பால் இருந்த அரசும் அந்நிய வணிகருமாதலால் உறவுமுறை அங்கே செல்லுபடியாகவில்லை. 1930களில் விவசாயிகள் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் என்ற கூட்டுறவு வழியே சேர்ந்து விற்கத் தொடங்கினர்.

தென்னிலங்கைக் கடைகளை 1958, 1977, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்கள் குலைத்தன. கடை எரிந்தபோது வரவேண்டிய கடனும் எரிந்தது. அதன் இழப்பு கொட்டில் வழியாகத் தோட்டம்வரை இறங்கியது. அதற்கு முன்பே சிகரெட்டும் பீடியும் சுருட்டின் வாடிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.