அச்சமாடல் யாருடைய அச்சம்? நன்னூல் பொதுப்பாயிரமும் தயங்கிப் பேசும் ஆசிரியரும்

ஆசிரியராகத் தகாதவரைச் சொல்லும் நன்னூல் நூற்பாவில் அழுக்காறு, அவா, வஞ்சம் என்பவற்றை அடுத்து 'அச்சமாடல்' நிற்கிறது. கேட்போர் அஞ்சும்படி பேசுதல் என்பது உரைமரபு தரும் பொருள். இதை ஏற்றால், வகுப்பில் நா உலர்ந்து நிற்கும் ஆசிரியரைப் பற்றி நம் இலக்கண மரபு எதுவும் சொல்லவில்லை என்றாகிவிடும். அத்தொடர் பேசுபவரின் அச்சத்தையே குறிக்கிறது என்பது என் வாசிப்பு.

'அச்சத்தால் ஆடல்' என்று விரிக்க ஒரு வேற்றுமையுருபு போதும். உரைமரபின் பொருளைப் பெறவோ 'கேட்போர்க்கு', 'உண்டாக' என்று நூற்பாவில் இல்லாத சொற்களைப் பெய்தாக வேண்டும். சொல்லெச்சம் கொள்வது உரையாசிரியர்க்கு இயல்புதான். ஆனால் எச்சம் வேண்டாமலே பொருள் முடியும் இடத்தில் அது எதற்கு? மேலும் பேச்சோடு சேர்ந்த அச்சம் தமிழில் முதலில் பேசுபவனுடையது. திருக்குறளின் 73ஆம் அதிகாரமான அவையஞ்சாமை முழுவதும் அதைப் பற்றியதே.

இதைவிட வலுவான சான்று நூற்பாவின் பிற்பகுதியில் இருக்கிறது. அங்கு வரும் நான்கு உவமைகளில் மடற்பனையும் முடத்தெங்கும் வேறு குறைகளைச் சுட்டுவன; அவை இங்கு வேண்டா. கழற்குடத்தில் கழற்சிக்காயை ஒவ்வொன்றாக இட்டாலும் கவிழ்க்கும்போது முறை பிறழ்ந்து ஒருசேரக் கொட்டும். பருத்திக் குண்டிகையோ அடைக்கும்போதும் அரிதாக ஏற்கும், எடுக்கும்போதும் சிறுகச் சிறுகவே தரும். இரண்டிலும் உள்ளே சரக்கு இருக்கிறது. பழுது வெளிவரும் வழியில்தான். படபடவென்று கொட்டித் தீர்ப்பதும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே திணறுவதும் அஞ்சுபவர் பேச்சின் இரு முகங்கள் அல்லவா? நல்லாசிரியர் இலக்கணத்தில் நன்னூலாசிரியர் பவணந்தியார் கலைபயில் தெளிவையும் கட்டுரை வன்மையையும் தனித்தனியே வைத்ததும், அறிவு வேறு அதை வெளியிடும் திறன் வேறு என்னும் இந்தப் பிரிவினையை அறிந்தே என்று கருத இடமுண்டு.

முன் நிற்கும் மூன்றும் பிறர்க்குத் தீங்கிழைக்கும் மனக்குற்றங்கள், ஆகவே நான்காவதும் பிறர்க்குத் தீங்கிழைப்பதாகவே இருக்க வேண்டும் என்பர். அவா அவ்வாறு இருந்தே தீர வேண்டியதில்லை. குருகுலத்தில் அவை ஏது என்ற தடையும் நில்லாது. நூல் அரங்கேறும் 'களம்' சிறப்புப்பாயிரத்தில் இடம்பெறக் காண்கிறோம்.

தத்துவ வாதத்தில் பேச்சுத் தடுமாறும் இக்குறை இன்னும் கடுமையாக எண்ணப்பட்டது. நியாய சூத்திரம் வகுக்கும் 22 தோல்வித்தானங்களுள் பதில் தோன்றாமல் நிற்பதும், வேலையிருப்பதாகச் சொல்லி வாதத்தை முறிப்பதும், பொருளற்ற எழுத்துகளை ஒலிப்பதும், கூறியது கூறலும் அடங்கும். இன்றைய தத்துவ ஆசிரியரின் 'வந்து', 'அதாவது', 'ஒரு வகையில பாத்தீங்கன்னா' எல்லாவற்றையும் அக்கணக்கில் சேர்க்க நான் ஒப்பேன். 'ஒரு வகையில்' என்பது பல இடங்களில் கூற்றின் எல்லையை வரையறுக்கிறது. அதே தொடர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் வந்தால் அது அச்சமாடல்.

நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கோலாரைத் தம் மூதூராகக் கொண்ட கங்கர் மரபினன். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா மலைப்பாதையில் ஏறினால் அந்தச் சீமை தொலைவில்லை. இதை நான் சான்றாக வைக்கவில்லை. ஆனால் இவ்வட்டாரத்தில் பேச்சுத் தயக்கம் என்னும் இச்சிக்கல் கண்ணெதிரே இருக்கிறது. வீட்டில் தக்கனி உருது அல்லது தெலுங்கு, தோல் ஷாப்பிலும் கடைத்தெருவிலும் தமிழ், பாடநூலில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர், வாணியம்பாடியில் 1919இல் தோன்றிய இஸ்லாமியா கல்லூரி போன்ற ஒன்றின் மேடையில் ஏறும்போது, 'மத்லப்' (அதாவது) என்று ஒரு கணம் நிற்பது மொழி மாறும் இடம். தேர்வுக்குழு அதை அறியாமை என்று குறித்துக்கொள்வது பெரும் அநீதி.

அதற்காக அச்சத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும் என்பதும் நன்னூலுக்கு உடன்பாடன்று. ஆசிரியரிடமிருந்து காற்பங்கு, உடன்பயில்வோரிடமிருந்து காற்பங்கு, பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்று அது கல்வியைப் பகுக்கிறது. உரைக்க அஞ்சுபவர் அந்த அரைப்பங்கை இழக்கிறார். ஆய்வு மாணவர்க்கு முதலாண்டிலேயே வகுப்பெடுக்கும் பொறுப்பைத் தத்துவத் துறைகள் தர வேண்டும். வாய்மொழித் தேர்வு வரை அவர்களை ஊமையாக வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.