எதிர்ப்பதிவு

வங்கிப் பேரேட்டில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருந்தாக வேண்டும்.

சி. டி. லூ பாரிஸிலும் நியூயார்க்கிலும் காலரி நடத்திய கலைப்பொருள் வணிகர். அவர் கடையின் இருப்பு அட்டைகள் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. அருங்காட்சியகங்கள் தம் பொருள்களின் கைமாற்றங்களை இவற்றைக் கொண்டு சரிபார்க்கின்றன.

1926ஐ ஒட்டி, காஞ்சிப் பகுதியின் பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிலைகளை லூவுக்காகத் திரட்டியவர் புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ராய். லண்டன், டெட்ராய்ட், டொரண்டோ என்று அவை சிதறின. பெற்றவர்களின் பெயர்கள் தெரியும்; இழந்த கோயில் எது என்று உறுதியாகத் தெரியாது. வணிகன் கணக்கு அவன் வாங்கிய நாளில்தான் பிறக்கிறது.

இலுப்பூரை அடுத்த கொடும்பாளூர் மூவர் கோயிலில், மூன்றில் ஒன்று அடித்தளம் மட்டுமே. மூன்று இருந்தன என்பதற்கு அதுவும் ஒரு பதிவு. யோகினிகளுக்கு அந்தக் கல்வரிசைகூட இல்லை.