ஒரே கிண்ணத்தில் இரண்டு பானங்கள்

மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் ஒவாஹாகா என்றொரு நகரம் இருக்கிறது. அங்கு வரும் வெளியூர்ப் பயணிகளுக்காகப் புதுவகையான சுவைப்பு நிகழ்ச்சி ஒன்று நடத்தப்படுகிறது. மேசையின் மேல் வெவ்வேறு தோட்டங்களின் கொக்கோவில் செய்த சாக்லெட் துண்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே சிறு கிண்ணத்தில் ஓரிரு மிடறு 'மெஸ்கால்' இருக்கும். மெஸ்கால் என்பது ஆனைக்கற்றாழையிலிருந்து வடிக்கும் சாராயம். எதை முதலில் முகர்வது, எதை நாவில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எந்தத் துண்டுக்கு எந்தக் கிண்ணம் பொருந்தும் என்றெல்லாம் வழிகாட்டி ஒருவர் விளக்கிக்கொண்டே செல்வார்.

இந்த இணைப்பு அண்மைக்கால வணிகர்களின் கற்பனை என்று நீங்கள் நினைக்கலாம். நிகழ்ச்சி புதியதுதான், உறவு மிகப் பழையது. கொக்கோவுக்கும் மதுவுக்கும் இடையே ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு இருந்திருக்கலாம் என்று தொல்லியல் கூறுகிறது. அதற்கும் மேலாக, மது உண்டாகாவிட்டால் சாக்லெட்டே உண்டாகாது என்று வேதியியல் கூறுகிறது. இது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். குடிப்பழக்கத்துக்கு ஊக்கமூட்டுவது நம் நோக்கமன்று. மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. நமக்கு வேண்டியது மேசையின் மேலுள்ள கிண்ணம் அல்ல; அது அங்கு வந்து சேர்ந்த வழி.

படகில் இருந்த பண்டங்கள்

1502ஆம் ஆண்டு. கொலம்பஸ் தம் நான்காவது கடற்பயணத்தில் ஹோண்டுராஸ் கரைக்கு அருகிலுள்ள குவானாஹா தீவை அடைந்திருந்தார். அப்போது ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த பெரிய வணிகப் படகு ஒன்று அவ்வழியே வந்தது. அதைச் செலுத்தியவர்கள் 25 பேர். ஸ்பானியர்கள் படகைப் பிடித்துச் சோதனையிட்டார்கள். உடன் சென்றிருந்த கொலம்பஸின் மகன் பெர்டினாண்டு அப்போது சிறுவன். படகில் கண்டவற்றை அவர் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

பருத்தித் துணிகள், செப்புக் கோடரிகள் ஆகியவற்றோடு மக்காச்சோளத்தில் செய்த மது ஒன்றும் அதில் இருந்தது. பாதாம் பருப்புப் போன்ற கொட்டைகளும் இருந்தன. அவற்றில் ஒன்று கீழே விழுந்தபோது, கண்ணே கழன்று விழுந்துவிட்டது போலப் படகினர் பதறிக் குனிந்து தேடினார்களாம். அந்தக் கொட்டைகள்தாம் கொக்கோ விதைகள். ஐரோப்பியர் கொக்கோவைக் கண்டதாக நமக்குக் கிடைத்துள்ள முதல் குறிப்பு இதுதான். அன்றே கொக்கோவும் மதுவும் ஒரே படகில் பயணம் செய்துகொண்டிருந்தன என்பதைக் கவனியுங்கள்.

விதைக்கு முன் சதை

அந்தப் படகு பிடிபட்ட அதே ஹோண்டுராஸ் நாட்டில் புவர்ட்டோ எஸ்கோண்டிடோ என்னும் பழைய குடியிருப்பு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்குக் கிடைத்த மட்கல ஓடுகளில் தியோபுரோமின் என்னும் வேதிப்பொருளின் எச்சம் காணப்பட்டது. இது கொக்கோவுக்கு உரிய அடையாளம். இவற்றில் மிகப் பழைய கலம் கி.மு. 1100க்கும் முற்பட்டது. ஜான் ஹெண்டர்சன், ரோஸ்மேரி ஜாய்ஸ் முதலியோர் இந்த முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள்.

அவர்களை வியப்பில் ஆழ்த்தியது அக்கலங்களின் வடிவம். பிற்காலத்தில் அப்பகுதி மக்கள் கொக்கோ விதையை அரைத்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். நுரை எழுப்ப அகன்ற வாய் வேண்டும். இந்தப் பழைய கலங்களுக்கோ நீண்ட, குறுகிய கழுத்து. ஆகவே, தொடக்கத்தில் மக்கள் குடித்தது விதையிலிருந்து செய்த பானமாக இராது; விதையைச் சுற்றியுள்ள இனிப்பான வெண்ணிறச் சதையைப் புளிக்க வைத்த மதுவாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். மது வடித்தபின் எஞ்சிய விதைகளை வீணாக்காமல் வறுத்து அரைத்துப் பார்த்தவர்களே சாக்லெட்டைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம். அது சரியானால் சாக்லெட், மதுத் தொழிலின் துணைப்பொருளாகப் பிறந்தது எனலாம்.

காசும் தண்டனையும்

கொக்கோவின் மதிப்பு பின்னர் வெகுவாக உயர்ந்தது. ஆஸ்டெக் பேரரசில் அதன் விதைகள் காசாகவே வழங்கின. 1541ஐ ஒட்டி வரையப்பட்ட 'மெண்டோசா சுவடி' என்னும் பட நூல் ஒன்று இன்று ஆக்ஸ்போர்டு நூலகத்தில் உள்ளது. அதில் சிற்றூர்கள் பேரரசுக்குச் செலுத்திய திறைப்பொருள்களுள் கொக்கோ மூட்டைகளும், அதைப் பருகுவதற்கான கிண்ணங்களும் காட்டப்பட்டுள்ளன. ஒரு சுமை கொக்கோ என்றால் 24,000 விதைகள்!

அதே சுவடியில் மற்றொரு காட்சியும் உண்டு. குடித்து மயங்கிய இளைஞர்களுக்கு மரண தண்டனை. அருகிலேயே, 70 வயது நிரம்பிய மூதாட்டி ஒருத்தி தடையின்றி மது அருந்துகிறாள். அது ஆனைக்கற்றாழையின் சாற்றைப் புளிக்க வைத்த 'புல்கே' என்னும் கள். முதுமை எய்தியவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்தது. ஆனால் புல்கே வடிசாராயம் அன்று. காய்ச்சி வடிக்கும் கலை மெக்சிகோவில் வேரூன்றியது ஸ்பானியர் வருகைக்குப் பிறகே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

வாலை வந்த இரு வழிகள்

அந்தக் கலை இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று மேற்கு வழி. அரபு இரசவாதிகள் பயன்படுத்திய வாலை ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து செம்புப் பாத்திரமாக அட்லாண்டிக்கைக் கடந்தது. மற்றது கிழக்கு வழி. பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் சென்று வந்தன. அவற்றில் வந்த பிலிப்பைன்ஸ் மக்கள் மெக்சிகோவின் மேற்குக் கரையில் தென்னை வளர்த்தார்கள், கள் இறக்கினார்கள், அதை வடித்துச் சாராயமும் செய்தார்கள். அங்குள்ள கொலிமா மாநிலத்தில் தென்னங்கள் இன்றும் 'தூபா' என்ற பிலிப்பைன்ஸ் பெயராலேயே வழங்குகிறது.

அவர்களுடைய வாலை மிக எளியது. கொதிக்கும் பானையின் மேல் குழாய் வடிவ அடைப்பு. அதன் தலையில் குளிர்ந்த நீர் நிரம்பிய சட்டி. ஆவி சட்டியின் அடிப்புறத்தில் பட்டுக் குளிர்ந்து சொட்டும். அதை ஏந்தி வெளியே கொண்டுவர ஒரு சிறு அகப்பை. ஒவாஹாகாவிலுள்ள சாந்தா கத்தரினா மினாஸ் என்னும் ஊரில் இதே அமைப்புடைய மண்பானை வாலைகள் இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன.

ஆனைக்கற்றாழையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் இரயில் பாதை ஓரங்களில் வேலியாக நிற்கும் முள்நுனிச் செடிதான். அதன் தாயகம் மெக்சிகோ. அதன் இனங்கள் பல. மெஸ்கால் செய்யப் பெரும்பாலும் பயன்படும் இனம் முற்ற ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். இலைகளை வெட்டி எறிந்துவிட்டு, அன்னாசிப்பழம் போன்ற நடுத்தண்டை மண்குழியில் சூடான கற்களின் மேல் இட்டு மூடி, சில நாள் வேகவைப்பார்கள். பிறகு கல் உருளையால் நசுக்கி, தொட்டியில் புளிக்கவிட்டு, இருமுறை வடிப்பார்கள்.

ஸ்பானியர் வருகையால் கொக்கோ பானமும் மாறியது. கரும்புச் சர்க்கரை சேர்ந்தது. இலங்கையின் கறுவாப்பட்டை சேர்ந்தது. ஒவாஹாகாவின் மினா தெருவில் இன்றும் கொக்கோவையும் சர்க்கரையையும் பட்டையையும் சேர்த்து அரைத்துத் தரும் அரவைக் கடைகள் இருக்கின்றன. வீடுகளில் அரைக்கும் கல் நம் அம்மிக்கு உறவு என்று சொல்லத்தக்கது. நுரை எழுப்பும் மரக்கருவி நம் மத்துக்கு உறவு.

இரண்டு பானங்களையும் பருகும் பழைய கிண்ணமோ ஒன்றேதான்: 'ஹீக்கரா'. நாம் திருவோட்டுக்காய் மரம் என்கிறோமே, அந்த இனத்துக் காயின் ஓடு அது.

பெட்டிக்குள் நடக்கும் வேதியியல்

இப்போது கொக்கோத் தோட்டத்துக்குள் செல்வோம். முற்றிய காயைப் பிளந்தால் உள்ளே 30 முதல் 45 வரை விதைகள், வெண்ணிறச் சதையால் சூழப்பட்டு இருக்கும். அந்த விதையை அப்படியே உலர்த்தி வறுத்தால் சாக்லெட் மணம் வராது. கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும்.

ஆகவே உழவர் விதைகளைச் சதையோடு மரப்பெட்டியில் குவித்து, வாழை இலையால் மூடிவிடுகிறார். முதல் ஓரிரு நாட்களில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சதையிலுள்ள சர்க்கரையை எத்தில் ஆல்கஹாலாக மாற்றுகின்றன. அதாவது, பெட்டிக்குள் மது தயாராகிறது! பிறகு விதைகளைக் கிளறிவிடும்போது காற்று உட்புகுகிறது. உடனே வேறு பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக, அதாவது காடியாக, மாற்றத் தொடங்குகின்றன. இவ்வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. குவியலின் வெப்பநிலை 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது.

அமிலமும் வெப்பமும் சேர்ந்து விதையின் முளையைக் கொல்கின்றன. செல் சுவர்கள் தளர்கின்றன. அதுவரை பிரிந்திருந்த என்சைம்களும் புரதங்களும் கலக்கின்றன. புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிறது, சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிறது, துவர்ப்பு குறைகிறது. ஐந்து முதல் ஏழு நாட்களில் இந்த வேலை முடிகிறது. பின்னர் வறுக்கும்போது இந்த அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து சாக்லெட்டின் மணத்தைத் தருகின்றன. இவ்வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மெயிலார்ட். குழியில் வேகும் ஆனைக்கற்றாழையிலும் இதே மெயிலார்ட் வினைதான் நடைபெறுகிறது. இரண்டும் மேசையில் ஒத்துப்போவதில் வியப்பென்ன?

ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள் என்றும், அதன் வாழ்வின் விளைவே நொதித்தல் என்றும் லூயி பாஸ்டர் நிறுவியது 1850களின் இறுதியில். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, எத்தனை நாள் மூட வேண்டும், எப்போது கிளற வேண்டும் என்பது காடுகளில் வாழ்ந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாக்கும் மூக்கும்

சுவைப்பு நிகழ்ச்சியில் நடப்பதில் ஒரு பகுதியை மதுவின்றி நீங்களே செய்து பார்க்கலாம். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு ஒரு சாக்லெட் துண்டை நாவில் வையுங்கள். இனிப்பும் கசப்பும் மட்டுமே தெரியும். சாக்லெட் உருகியதும் மூக்கை விடுங்கள். மணம் பொங்கி எழும்! தொண்டையின் பின்வழியாக மூக்கை அடையும் ஆவியே நாம் 'சுவை' என்று சொல்வதில் பெரும்பங்கு.

கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகுகிறது; அதனால்தான் அது வாயில் கரைகிறது. ஆல்கஹால் எரிச்சல் தருவதற்கும் ஒரு காரணம் உண்டு. நம் வாயிலுள்ள வெப்ப உணர்விகள் இயல்பாக 42 டிகிரி அளவில் தூண்டப்படுபவை. ஆல்கஹால் அந்த எல்லையை 34 டிகிரி வரை இறக்கிவிடுகிறது என 2002இல் கண்டறிந்தார்கள். நம் உடல் வெப்பமே நமக்குச் சுடுகிறது! சாக்லெட்டின் கொழுப்பு நாவில் படர்ந்து, இந்த எரிச்சலை ஓரளவு மட்டுப்படுத்துகிறது என்பதே வழிகாட்டிகளின் அனுபவம்.

மேசைக்கு வராதவர்கள்

இந்த மேசைக்கு வராத இருவர் இருக்கிறார்கள். கொக்கோப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது குண்டூசித் தலையளவே உள்ள ஒருவகைச் சிறு ஈ. ஆனைக்கற்றாழைப் பூக்களுக்கு இரவில் வருவது நீள்மூக்கு வௌவால்.

இங்கேதான் சிக்கல். ஆனைக்கற்றாழை வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். பூத்தால் தண்டிலுள்ள சர்க்கரை பூவுக்குப் போய்விடும். ஆகவே பூக்கும் முன்பே வெட்டுகிறார்கள். பூ இல்லை என்றால் வௌவாலுக்குத் தேன் இல்லை. செடிக்கு விதையும் இல்லை. 'தோபாலா' என்னும் காட்டினம் பெரும்பாலும் விதையாலேயே பெருகுவது. முற்றப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். சான்றிதழ் பெற்ற மெஸ்கால் உற்பத்தியோ 2011இல் சுமார் 10 இலட்சம் லிட்டராக இருந்து 2022இல் சுமார் 1 கோடியே 40 இலட்சம் லிட்டராக உயர்ந்துவிட்டது. காட்டுச் செடி இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா?

மெக்சிகோவின் வௌவால் ஆய்வாளர் ரொட்ரிகோ மெடெயின் முதலியோர் ஒரு வழி காட்டினார்கள். தோட்டத்தில் நூற்றுக்கு ஐந்து செடிகளைப் பூக்க விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்த தோட்டங்களின் சாராயம் 2016 முதல் தனி முத்திரையுடன் விற்பனைக்கு வந்தது. ஐந்து செடிகளின் இழப்பை உழவர் தாங்க வேண்டுமானால், மேசையில் கொடுக்கப்படும் விலையில் ஒரு பங்கு அவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.

கொக்கோ நமக்கு அந்நியமானதன்று. 1798இலேயே குற்றாலத்தில் அது நடப்பட்டது. இன்று பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு கனியைப் பிளந்து, வெண்ணிறச் சதையைச் சுவைத்துப் பாருங்கள். 3,000 ஆண்டுகளுக்கு முன் மனிதனைக் கொக்கோவிடம் இழுத்த இனிப்பு அதுதான் போலும். தோப்பின் தரையில் அழுகிக் கிடக்கும் காய் ஓடுகளையும் சருகுகளையும் குப்பை என்று எண்ணி முற்றிலும் வழித்தெடுத்துவிட வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். அடுத்த பருவத்தின் பூக்களுக்கு வரவேண்டிய சிறு ஈக்கள் அந்த ஈரத்தில்தான் வளர்கின்றன.